எங்க ஊரு நைட் ஹால்ட்

எங்க ஊரில் யாரிடமும் மணி கேட்கக் கூடாது. கேட்டால் பதில் கடிகாரத்திலிருந்து வராது, பஸ்ஸிலிருந்துதான் வரும். "பத்தரை வண்டி இப்பத்தானே போச்சு!" என்பார்கள். உங்கள் வாட்ச்சில் மணி பதினொன்று பத்து ஆகியிருக்கும். இருக்கட்டுமே! பத்தரை வண்டி எத்தனை மணிக்கு வந்தாலும் பத்தரை வண்டிதான். கல்யாணம் ஆகாதவனை நாற்பது வயசிலும் 'பையன்' என்றே சொல்வதில்லையா, அந்த மாதிரி.

பஸ் எங்கே வருகிறது என்று மொபைலில் பார்த்துவிட்டு, நாலு நிமிஷம் லேட் என்றதும் உச்சுக்கொட்டுகிற என் சென்னை ஆபீஸ் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். எங்களுக்கு ஒரு பஸ் போனால் அடுத்த வேளை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிழக்கே தள்ளியிருக்கிறது எங்க ஊர். ஒரு கண்மாய், கடலைக் கொல்லை, பூந்தோட்டம், தென்னை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். டவுனுக்குப் பத்தொன்பது.

1912-லேயே டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1972-ல் பஸ்கள் அரசுக்கு வந்தன. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று போக்குவரத்துக் கழகங்களுக்கு ராஜாக்கள் பெயராகப் பார்த்து வைத்தார்கள். 1997-ல் அந்தப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று ஒரே பெயராக்கினார்கள். எங்க ஊரைப் பொறுத்தவரை எந்த ராஜா வந்தாலும் லேட்டாகத்தான் வந்தார். ஆனால், வந்தார்! அதுதான் முக்கியம்.

ஒரு நாளைக்கு ஆறு டிரிப். அதில் கடைசி டிரிப்புக்குத்தான் மரியாதை அதிகம். ராத்திரி ஏழே காலுக்கு டவுனில் கிளம்பி, எட்டே காலுக்கு ஊருக்கு வந்து, பிள்ளையார் கோயில் புளியமரத்தடியில் படுத்துவிடும். விடிகாலை ஐந்து பத்துக்கு எழுந்து கிளம்பும். இதற்குப் பெயர் நைட் ஹால்ட். பக்கத்து ஊர்க்காரர்களிடம் நாங்கள் பீற்றிக்கொள்ள இருந்த ஒரே விஷயம் இது. "உங்க ஊருக்கு பஸ் வந்துட்டுப் போகும்ல? எங்க ஊர்ல தங்கும்!" பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இதைச் சொல்லியிருக்கிறோம்.

டிரைவர், கண்டக்டர் இரண்டு பேரும் எங்க ஊருக்கு மாப்பிள்ளை மாதிரி. கோடையில் பஸ் மேலேயே படுக்கை. மழை வந்தால் பழைய ரேஷன் கடைக் கட்டடம். கண்டக்டர் அண்ணனுக்குத் தலையணை வேண்டாம், கலெக்‌ஷன் பைதான் தலையணை. யார் வீட்டில் மீன் குழம்பு என்று எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதிலுக்கு அவர்களும் சும்மா இல்லை. பெரியவர்களுக்கு சுகர் மாத்திரை, கொல்லைக்குப் பூச்சி மருந்து, தைக்கக் கொடுத்த ஜாக்கெட், பத்திரிகை எல்லாம் டவுனிலிருந்து அந்த பஸ்ஸில்தான் வரும். "ஏப்பா கண்டக்டரு, நேத்துக் குடுத்த மாத்திரை ரோஸ் கலரு, இது வெள்ளையா இருக்கே?" என்று அப்பத்தாக்கள் கேட்பார்கள். அவரும் டாக்டர் மாதிரி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனி வேற ஆத்தா, மருந்து ஒண்ணுதான்" என்பார்.

மார்கழி மாசத்தில் வண்டி காலையில் எழுந்திருக்காது. பாட்டரி செத்துப்போயிருக்கும். அதற்காகவே டிரைவர் அண்ணன் கண்மாய்க் கரைச் சரிவைப் பார்த்து மூக்கை நீட்டி நிறுத்தியிருப்பார். விடலைப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து தள்ளுவோம். எங்க ஊருக்கு ஜிம் கிடையாது, நைட் ஹால்ட்தான்.

அந்த ஐந்து பத்து வண்டியை ஒரு நாள் பார்த்திருக்க வேண்டும் சார் நீங்கள். மூச்சு விட்டால் மல்லிகை வாசம். எங்க பக்கத்துப் பூவுக்குக் கீரமங்கலம் மார்க்கெட். மல்லிகையை மொட்டாகப் பறிக்க வேண்டும், மொட்டாகவே கொண்டு சேர்க்க வேண்டும். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் கொல்லையில் இறங்கிவிடுவார்கள். பூ விரிய விரிய விலை சுருங்கும். ஐந்து பத்து வண்டியில் போன பூவுக்கும் ஏழு மணி வண்டியில் போன பூவுக்கும் பூ ஒன்றுதான். கையில் வருகிற காசு ஒன்றல்ல.

ராத்திரி வண்டி ஊருக்கு வந்து தங்கினால்தான் விடிகாலை வண்டி. விடிகாலையில் டெப்போவிலிருந்து கிளம்பி வருகிற வண்டி ஊரைத் தொடுவதற்குள் வெயில் வந்துவிடும். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது எங்க அக்கா கணக்கு.

1996-ல் அக்கா பிளஸ் டூ முடித்தது. கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க். "கெமிஸ்ட்ரி எடுத்துப் படி" என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "லேப் எத்தனை மணிக்கு விடும்?" அந்த வருஷம் கடைசி வண்டியை யாரோ ஒரு புண்ணியவான் உத்தரவு போட்டுச் சாயந்தரம் நாலே முக்காலுக்கு மாற்றியிருந்தார். லேப் இருக்கிற நாளில் நாலே முக்கால் வண்டியைப் பிடிக்க முடியாது. அக்கா ஹிஸ்டரி எடுத்தது. எங்க தெருவில் அந்தக் காலத்தில் படித்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஹிஸ்டரி, தமிழ், எகனாமிக்ஸ். ஊரே வரலாற்று ஆர்வம் கொண்ட ஊர் என்று யாராவது ஆராய்ச்சி செய்துவிடப் போகிறார்கள்! லேப் இல்லாத படிப்பு எது என்பதுதான் விஷயம். இரண்டு வருஷம் கழித்து வண்டி மறுபடி ஏழே காலுக்கு வந்தது. அதற்குள் அக்காவுக்குச் சோழர் வரலாறு மனப்பாடம்.

"சைக்கிள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்ததே! தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்க மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். எங்க அம்மாவும் வாடகைச் சைக்கிளில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டவர்தான். பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கிற வேலை பாதி குறைந்தது. ஆனால், சைக்கிள் மெயின் ரோடு வரைக்கும்தானே? ஆறு கிலோமீட்டர். மிச்சம் பதின்மூன்று கிலோமீட்டரை இருட்டில் ஒரு பெண் பிள்ளை மிதித்து வர எந்த அப்பா சம்மதிப்பார்?

2018 நவம்பர் 16-ம் தேதி விடிகாலை கஜா புயல். எங்க பக்கத்துத் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது. அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. பஸ் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். ரோடு முழுக்க மரம். கரன்ட் இல்லை, போன் இல்லை. மரத்தை வெட்டி ரோட்டைத் திறந்த பிறகு முதல் வண்டி உள்ளே வந்த சத்தம் கேட்டதும், கண்மாய்ப் பக்கம் நின்றிருந்த சனம் அத்தனையும் ஓடி வந்தது. ஏறுவதற்கு இல்லை சார், பார்க்க. டிரைவர் அண்ணன் இறங்கி, சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லும்.

புயலுக்குத் திரும்பி வந்த வண்டி, கொரோனாவுக்குத் திரும்பவில்லை. 2020 மார்ச்சில் எல்லா ஊரிலும் பஸ் நின்றபோது எங்க ஊரிலும் நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஆறு டிரிப்பில் மூன்றுதான் வந்தது. விடிகாலை வண்டி இல்லை. கடைசி வண்டி மறுபடி நாலே முக்கால். நைட் ஹால்ட் 'தற்காலிகமாக' நிறுத்தம். நம்ம ஊரில் தற்காலிகம் என்கிற வார்த்தைக்கு ஆயுசு கெட்டி.

நடுவில் ஒரு நல்ல சேதி. 2021 மே 7-ம் தேதி புது முதல்வர் ஸ்டாலின் பதவியேற்ற அன்றைக்கே, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று கையெழுத்துப் போட்டார். மே 10-ம் தேதி ஊரடங்கு. பஸ்ஸே இல்லை. "காசு கேக்கலைன்னதும் வண்டியை நிப்பாட்டிட்டாங்க பாத்தியா!" என்றது பக்கத்து வீட்டு அப்பத்தா. ஊரடங்கு தளர்ந்து வண்டி வந்தபோது, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காத கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சும்மா ஏறினா டீசலை யாருடா ஊத்துவா?" என்று கேட்டதும் அதே அப்பத்தாதான். அரசாங்கம் அந்தக் காசைப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்று விளக்கிய பிறகே உட்கார்ந்தது. பெண்களுக்கு மாசம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வில் வந்ததைப் பிறகு பேப்பரில் படித்துக் காட்டினேன். "அவ்வளவு தடவை போறதுக்கு வண்டி வரணுமேப்பா" என்றது.

சரியான இடத்தில் கை வைத்தது கிழவி. டிக்கெட் இலவசம், வண்டி நாலே முக்காலுக்குப் போய்விடும்.

2022-ல் அக்கா மகளுக்கு டவுனில் அரசு கலைக் கல்லூரியில் சீட் கிடைத்தது. என்ன சப்ஜெக்ட் தெரியுமா? கெமிஸ்ட்ரி! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அடுத்த வரியையும் படித்தோம். இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் ஆரம்பித்துச் சாயந்தரம் ஆறு மணி வாக்கில் முடியும். அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஹிஸ்டரி காலை ஷிஃப்ட்ல இருக்கான்னு கேளு" என்றது. இருபத்தாறு வருஷம் கழித்தும் அதே கணக்கு! அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 2-ம் தேதி கிராம சபை. பஸ் பிரச்னையைத் தீர்மானமாகப் போடலாம் என்று எழுந்தேன். முன் வரிசையில் இருந்த ஆம்பளைகள் முகத்தில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. "பஸ் எதுக்குப்பா? வீட்டுக்கு வீடு வண்டி நிக்கிது!" வாஸ்தவம். பைக் நிற்கிறது, டி.வி.எஸ். எக்ஸ்.எல். நிற்கிறது. யார் ஓட்டுகிறார்கள்? பேசுகிறவர்கள்தான் ஓட்டுகிறார்கள். பஸ் வேண்டியவர்கள் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பூப் பறிக்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாசம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற கிழடுகள். அங்கேயிருந்து அப்பத்தா எழுந்தது. "ஏண்டா, ஒன் வண்டியில என்னையும் என் பூக்கூடையையும் தெனம் வெடியக் காலம் மூணு மணிக்கு ஏத்திக்கிட்டுப் போவியா? போவேன்னு எழுதிக் குடு, பஸ்ஸு வேணாம்!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு. பிறகு டெப்போ. அங்கே கிளை மேலாளர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, எனக்கு மட்டும் நிறுத்தணும்னு ஆசையா? ரிட்டயர் ஆனவங்க இடத்துக்கு ஆள் வரலை. இருக்கிற டிரைவர், கண்டக்டரை வெச்சு எல்லா ரூட்டையும் ஓட்டணும். கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல்னு மேல கேக்குறாங்க. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடணும்னு கேக்குறாங்க. உங்க ஊர் நாலே முக்கால் வண்டியில எத்தனை பேர் ஏறுறாங்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.

பன்னிரண்டு பேர். உண்மைதான்.

ஆனால் சார், நாலே முக்காலுக்கு யார் ஏறுவார்கள்? காலேஜ் விடவில்லை. ஜவுளிக்கடைப் பெண்களை விடவில்லை. கொத்தனார் வேலை முடியவில்லை. வண்டி கிளம்புகிற நேரத்தில் ஆள் இல்லை. ஆள் வருகிற நேரத்தில் வண்டி இல்லை. வசூல் இல்லையென்று நேரத்தை மாற்றுகிறார்கள். நேரத்தை மாற்றியதால் வசூல் இல்லை. வசூல் இல்லையென்று டிரிப்பை எடுத்துவிடுகிறார்கள். ஓடுகிற பஸ்ஸில் ஏறினவர்களைக் கணக்கெடுக்க டிக்கெட் மெஷின் இருக்கிறது. ஓடாத பஸ்ஸுக்காக நின்றவர்களைக் கணக்கெடுக்க என்ன இருக்கிறது?

அதற்கு அக்கா மகள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியது. ஹிஸ்டரிக்கு மாறாமல், அந்த மாசம் டவுனில் சித்தப்பா வீட்டில் தங்கி கெமிஸ்ட்ரி வகுப்புக்கே போய்க்கொண்டிருந்த பெண், காலேஜ் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு வாரம் எழுதியது. எங்க ஊருக்கும் வழியில் இருக்கிற நாலு ஊருக்கும் போக வேண்டியவர்கள் யார் யார், எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்று. ஷேர் ஆட்டோவில் இத்தனை பேர். மெயின் ரோட்டில் இறங்கி நடந்தவர்கள் இத்தனை பேர். அண்ணனோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டு வந்து ஏற்றிப் போனது இத்தனை பேர். ஏழு மணிக்குக் குறைந்த நாளில் முப்பத்தொன்று, கூடின நாளில் ஐம்பத்தாறு. நானும் பல எக்ஸெல் ஷீட் போட்டவன்தான். இவ்வளவு சுத்தமான கணக்கை எங்க ஆபீஸில் பார்த்ததில்லை.

ஊர் இளவட்டங்கள் அதற்குள் தங்கள் பங்குக்கு வேறு வேலையில் இறங்கியிருந்தார்கள். வசூலைக் கூட்டுகிறோம் என்று வாட்ஸப்பில் முடிவெடுத்து, நாலே முக்கால் வண்டியில் ஆளாளுக்கு டிக்கெட் எடுத்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஒருத்தன் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தான். "பைக்கை எங்கேண்ணே விடறது?" என்று கேட்டான். கண்டக்டர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மேலாளர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதை நீயே எழுதினியாம்மா?" என்று கேட்டார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். பிறகு மூன்று மாசம் ஒரு சத்தமும் இல்லை. நானும் நம்பிக்கையை விட்டுவிட்டுச் சென்னை வேலையைப் பார்த்தேன்.

2023 பொங்கல் கழித்து, ஏழே கால் வண்டி வந்தது! ஆனால் ஹால்ட் இல்லை. எட்டே காலுக்கு எங்களை இறக்கிவிட்டுக் காலியாக டெப்போவுக்குத் திரும்பும். விடிகாலை மறுபடி காலியாக வந்து ஆறு மணிக்கு எடுக்கும். அப்பத்தாவுக்குப் பாதி சந்தோஷம்தான். பூ பாதி விரிந்தல்லவா போகிறது! மனு எழுதப் பேப்பரை எடுத்தோம். டிரைவர் அண்ணன்தான், "கொஞ்சம் பொறுங்கப்பா" என்றார். "ராத்திரி பத்தொன்பது கிலோமீட்டர் காலியா போறேன், காலையில பத்தொன்பது கிலோமீட்டர் காலியா வர்றேன். டீசல் கணக்கு எழுதறவனுக்குக் கண்ணு தெரியாமலா போயிடும்?"

தெரிந்தது. சித்திரையில் நைட் ஹால்ட் திரும்பிவிட்டது. எங்க மனு பேசினதைவிட டீசல் நன்றாகப் பேசியிருக்கிறது.

ரேஷன் கடைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ஒரு ஃபேன் மாட்டி, கொசுவலை இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கொசுவத்திச் செலவு ஊர்ப் பொதுவில். அக்கா மகள் அந்த வருஷம் பூராவும் ஏழே கால் வண்டியில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, பானட் வெளிச்சத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டே வந்தது. டிகிரி வாங்கியாகிவிட்டது, இப்போது பி.எட்.

போன தடவை ஊருக்குப் போய்விட்டு ஐந்து பத்து வண்டியில் திரும்பினேன். வண்டி கிளம்பாமல் நிற்கிறது. பாட்டரி இல்லை, படிக்கட்டில் சண்டை. பூக்கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார் கண்டக்டர். அப்பத்தா மறுக்கிறது.

"எனக்கு ஓசி, என் கூடைக்குக் காசா?"

"பொம்பளைக்குத்தான் ஆத்தா இலவசம். கூடை என்ன பொம்பளையா?"

அப்பத்தா கூடையின் ஈரத்துணியை விலக்கிக் காட்டியது. "உள்ளுக்குள்ள பாருடா. மல்லிகா, முல்லை, கனகாம்பரம்... இதுல ஆம்பளை யாருடா இருக்கா?"